செக்கிங்

வெளிச்ச மேசைமேல் பனியனை விரித்து
ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிப்பவள் நான்.
நாளைக்கு எண்ணூறு பீஸ்.
தையல் விட்டது, எண்ணெய்க் கறை, கழுத்துக் கோணல்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினால்
காதர்பேட்டைக்குப் போகும், செகண்ட்ஸாக.

அந்தக் கண்ணோடுதான் போனேன்
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தக் கடைக்கு,
போனஸ் கவரில் சீட்டுப் பணம் போக
மீந்த ரெண்டாயிரத்து நூறோடு.
தீபாவளிக்கு நாலு நாள்.
திருப்பூர் முழுக்கத் தெருவில் நின்றது.

"என்ன ரேஞ்சுலங்க்கா பாக்கறீங்க?"
சட்டையில் மோகனசுந்தரம் என்று குத்தியிருந்தான்.
"கெடாத ரேஞ்சுல."

ஆயிரத்து நூறுக்கு ஒன்றை எடுத்து வைத்தான்.
தூக்கினேன். காலி டிபன் பாக்ஸ் கனம்.
முன்னால் மட்டும் நீல விளக்கு
தேர் அலங்காரம்போல ஓடி ஓடி எரிந்தது.
பாட்டுப் பாட மைக் ஓட்டை ரெண்டு இருக்குதாம்.
எங்கள் காம்பவுண்டில் ஒன்பது வீடு;
நான் பாடினால்
ஹவுஸ் ஓனரம்மா தண்ணி மோட்டாரை நிறுத்திவிடும்.

அடுத்தது கம்பெனிச் சரக்கு, ரெண்டாயிரத்து அறுநூறு.
கத்திபோல் ஒல்லி. கைரேகை பட்டதும்
துணியால் துடைத்தான்.
கம்பெனிச் சரக்கே வாங்கு என்றார் சூப்பர்வைசர்.
சைனாப் பெட்டிதான் எதைப் போட்டாலும் தின்னும் என்றாள்
பவர் டேபிள் சாமியாத்தாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.
சுவரில் பதினோரு டிவி.
பதினொன்றிலும் ஒரே தங்கமீன் நீந்திக்கொண்டிருந்தது.
"அந்த மீனை ஓட்டறது எது தம்பி?"
"அது கடையோடதுங்க்கா. விக்கறதில்லீங்."
"எத்தன நாளா ஓடுது?"
"ரெண்டு தீபாவளி ஆச்சுங்க.
காத்தால போட்டா ராத்திரி பத்துக்குத்தான் நிறுத்துவோம்."
"அதே மாடல் இருக்குதா?"

ஏணி போட்டு ஏறினான்.
போன வருஷ மாடல். டப்பா மேல் ஒரு விரல் தூசி.
அட்டைப்பெட்டி மூலை நசுங்கியிருந்தது.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
தூக்கினேன். சரி, உள்ளே என்னவோ இருக்கிறது.

பிறகுதான் பையிலிருந்து எடுத்தேன்
கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் வைத்திருந்த டிஸ்கை.
டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தால்
கோழி கிளறிய வாசல்.
என் மேசைக்கு வந்திருந்தால் மூணு ஸ்டிக்கர்.
"இதைப் போட்டுக் காட்டு."
"வேற நல்ல டிஸ்க் இருக்குதுங்க்கா."
"நல்லதை எதுவும் ஓட்டுமே."

ஒல்லி, டிஸ்கே இல்லை என்று துப்பியது.
நீல விளக்கு ஓட்டியது,
அக்கா கல்யாணத்தில் பந்தி வரைக்கும்.
முப்பத்தெட்டாவது நிமிஷம், எப்போதும் நிற்கும் இடத்தில்
நின்றது.

வாளி சாய்ந்திருக்கும். கரண்டி அந்தரத்தில்.
வாய் பாதி திறந்து, என் தம்பி நல்லசிவம்.
பெருமாநல்லூரில் சித்தப்பா வீட்டிலும் அப்படித்தான்,
மாடி வீட்டு டீச்சரிடமும் அப்படித்தான்.
அந்த ஆவணிக்கு அடுத்த தையில் அவன் இல்லை.
நாலு வருஷமாக அந்தச் சாம்பார்
இலையில் விழவேயில்லை.

மோகனசுந்தரம் மீனைப் பிடுங்கி
அந்த ஒயரைத் தூசிப் பெட்டியில் சொருகினான்.
பதினோரு டிவியிலும் பந்தி.
பதினொன்றிலும் அவன் வந்தான், வாளியோடு.
முப்பத்தெட்டு.
படம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்தது.
கூடியது.

விழுந்தது சாம்பார்.
அடுத்த இலைக்கு நகர்ந்தான்.
யாரோ ஒரம்பரைக்காரர் போதுமென்று கையை மறித்தார்,
விரலிடுக்கில் ஊற்றிவிட்டு
"என்னுங் மாமா, இதுக்கேவா!" என்று சிரித்தான்.
கேமரா பெண்ணைப் பார்க்கப் போய்விட்டது.

"பாத்தீங்களா, சுத்தமா ஓடுது.
மறுக்கா போட்டுக் காட்டட்டுங்களா?"
"வேண்டாம். பில் போடு.
ஒரு வருசம்னு கையில எழுதி சீல் வை."
ஐம்பது ரூபாய் குறைத்தேன்;
அது வேறு கணக்கு.

ரிமோட்டுக்கு செல் தனியாம்.
ரெண்டு போதுமென்றான்.
நாலு வாங்கினேன்.