பூஜ்யம் என்றால் வெற்றி

பர்மா ரோட்டில், ஆஸ்பத்திரியின் நிலவறையில்,
ஏர்கான் இரைச்சலுக்குள்,
இரவு இரண்டு பத்துக்கு
பழைய வட்டைக் கழற்றுகிறேன்.

கழற்றும் ஃபங்ஷனுக்குப் பெயர் உமவுண்ட்.
நடுவில் ஒரு ‘ன்’ விழுந்த சொல்.
அரை நூற்றாண்டாய்
யாரும் குனிந்து எடுத்து வைக்கவில்லை.

முதல் அழைப்புக்கு மறுத்தது:
சாதனம் வேலையாய் இருக்கிறது.
உள்ளே யார் என்று தேடினால்
மூன்றாம் மாடி, எக்ஸ்ரே அறை,
திங்கட்கிழமையிலிருந்து திறந்தே கிடக்கும்
யாரோ ஒருவருடைய இடது முழங்கால்.
ஃபரீடாவுக்குப் போன் போட்டேன்.
‘அலாமாக்’ என்றாள். மூடினாள்.

வலுக்கட்டாயமாகவும் கழற்றலாம்.
சோம்பலாகவும் கழற்றலாம்:
பெயரை மட்டும் மரத்திலிருந்து உடனே அறுத்துவிட்டு
உள்ளே இருப்பவர்கள்
அவரவர் வேலை முடிந்து
ஒவ்வொருவராய் எழுந்து போகும்வரை விட்டுவைப்பது.
என் கல்யாணம் அப்படித்தான் முடிந்தது.
அது வேறு கதை.

இரண்டாம் அழைப்பு திரும்பி வந்தது.
பூஜ்யம்.
இந்தத் தொழிலில் பூஜ்யம் என்றால் வெற்றி.

பழக்கதோஷத்தில் ஒருமுறை பட்டியல் கேட்டேன்.
காலியாய் இருக்கவேண்டிய ஃபோல்டர்
காலியாய் இல்லை.

நாற்பத்து மூன்று கோப்புகள்.
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி,
பதினோரு வருஷத்துக்கு முன்
தீபாவளிக்கு மறுநாள்,
கரண்ட் போய் வந்த அந்த இரவு.

இப்படித்தான் நடந்திருக்கும்:
சர்வர் எழுந்தது. வட்டு எழவில்லை.
வட்டு வந்து உட்காரவேண்டிய வெறும் இடத்தில்
ஐம்பது நிமிஷம்
நெஞ்சுக்கூடுகள், ஒரு மணிக்கட்டு,
ஒரு குழந்தை விழுங்கிய இருபது காசு
என்று வந்து வந்து குவிந்தன.
பிறகு ஒரு கை
வட்டை அவற்றின்மேல் ஏற்றியது.
ஏற்றும் ஃபங்ஷனும் பூஜ்யம் என்றது.

கீழே ஏதாவது இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.
அழிப்பதுமில்லை.
பினாங்கு ஸ்ட்ரீட்டில் கடை கைமாறும்போது
பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல்
அதன்மேலேயே புதுசை ஆணியடிப்பார்களே,
அப்படி.

அன்றிரவு பணியில் இருந்த லோகநாயகி
அழித்துவிட்டதாக விசாரணையில் எழுதினார்கள்.
தொடவே இல்லை என்று
மலாயில் ஒருமுறை சொன்னாள்,
தமிழில், என்னைப் பார்த்து, ஒருமுறை.
மிஸ்டர் கூ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மாதக் கடைசியில்
பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள்.

அந்தக் கை என்னுடையது.
வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்.
எனக்குத் தெரியாது என்பது உண்மை.
ஏற்றுமுன் பட்டியல் கேட்க
இரண்டே எழுத்து போதும் என்பதும்.

பதினோரு வருஷம் நாங்கள்
அந்த இடத்தின்மேல் நடந்திருக்கிறோம்,
லட்சக்கணக்கான எலும்புகளை அடுக்கியிருக்கிறோம்.
அடியில் ஒரு சின்ன வயிற்றில்
இருபது காசு
வெள்ளை வட்டமாய் அப்படியே இருக்கிறது.
குழந்தைக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும்.

புது வட்டு மேசைமேல் காத்திருக்கிறது.
ஆறு மணிக்குள், இதே இடத்தில் ஏற்றவேண்டும்.
ஏற்றினால் மறுபடி மூடிக்கொள்ளும்.
யாருக்கும் தெரியாது.
கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும்,
அதுவும் பொய்யில்லை.

நாற்பத்து மூன்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்தேன்.
மூன்று விநாடி ஆனது.
பிறகு நாற்காலியிலேயே கொஞ்ச நேரம்.

பிறையில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாளாம்.
எட்டரைக்குத் திறப்பார்கள்.
ஏழுக்குள் கிளம்பினால்
பாலத்தில் நெரிசல் இருக்காது,
எதிர்த்திசையில் போகிறவனுக்கு.