மூன்று முல்லையில் மீன் பிடித்தல்

வீட்டில் அது நன்றாகத்தான் ஓடியது.
இருபத்தொரு மீன்கள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சொல்.
ழகர மீனைத் தொட்டால்
துள்ளி வாளிக்குள் விழும். டிங்.
லகரமோ ளகரமோ என்றால் பல்லைக் காட்டும்.
மூன்று இரவு வேலை.
கணவர் இரண்டு முறை விளையாடி
இரண்டு முறையும் ‘பவள’த்திடம் கடிபட்டார்.

பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி
மழைச்சட்டைக்குள் வைத்து
பிறையிலிருந்து மோட்டாரில் பாலம் கடந்தேன்.
கீழே கடலில் நிஜ மீன்கள்
யாருடைய அனுமதியும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பாயான் லெப்பாஸ்.
பள்ளி வேலிக்கு அப்பால் தொழிற்சாலைகள்,
உலகத்துக்கே சிப் செய்து அனுப்புகிறவை.
என் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள்
அங்கேதான் நீல அங்கி மாட்டி
இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள்.
வேலிக்கு இப்பால் எங்கள் கணினி
விழிக்கும் முன் ஒரு பெருமூச்சு விட்டது.

மஞ்சள் பட்டை ஒன்று வந்தது.
மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன.
திறக்க வேண்டுமானால் நிர்வாகியின் கடவுச்சொல்.
அந்த நிர்வாகி சுங்கைப் பட்டாணிக்கு மாற்றலாகிப் போய்
இரண்டு தலைமையாசிரியர் காலம் ஆயிற்று.

சரி, உன் இஷ்டம் என்று அழுத்தினேன்.
யாரும் தொடவில்லை.
இருபத்தொரு மீனும் ஒரே நேரத்தில் எழும்பி
வாளிக்குள் போய் விழுந்தன.
பவளம்கூட.
டிங் இல்லை.
குளம் காலி. பாடம் முடிந்தது,
ஏழு ஐம்பதுக்கு.

அடுத்த ஸ்லைடில் எழுத்துருவும் கைவிட்டது.
‘கெழுத்தி’ என்று ஆசையாக எழுதியிருந்தேன்,
மீனும் அதுவே, ழகரமும் அதிலேயே.
திரையில் கொம்பு தனியே நின்றது
பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைத் தாங்கிக்கொண்டு.
பிறகு கட்டம், கட்டம், கட்டம்.

“மீன் செத்துப்போச்சா டீச்சர்?”
தர்ஷிகா கேட்டாள்.
நான் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
அணைத்து எழுப்பினேன்.
ஒரு கணினியிடம் சொல்லக்கூடாத ஒன்றை
உதட்டுக்குள் சொன்னேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து
ஹர்வேந்திரன் எழுந்தான்.
வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவன்,
அதுவும் கழிவறைக்குப் போக.
நேராக வந்து திரைக்கு முன் நின்றான்.
ப்ரொஜெக்டர் ஒளி அவன் சட்டையில் விழுந்தது.
தொப்புள் இருக்கும் இடத்தில் வாளி,
தோளில் ஒரு செதில்.
குனிந்து தன்னையே பார்த்தான்.
பிறகு, மிக மெதுவாக,
“டிங்” என்றான்.

அவ்வளவுதான்.
நோட்டுத் தாளைக் கிழித்துச் சொல் எழுதி
ஆளுக்கொன்று நெஞ்சில் ஒட்டினோம்.
மேசைகள் கரையாயின.
பழம் ஓடியது, பலம் துரத்தியது,
கெழுத்தி நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டது.
பவளம் தர்ஷிகா.
பல்லைக் காட்டச் சொன்னால் காட்டினாள்,
முன்பல் இரண்டும் இல்லை.
பக்கத்து வகுப்பு திருமதி இக்னேஷியஸ்
இரண்டு முறை சுவரைத் தட்டினார்.

இரவு மறுபடி உட்கார்ந்தேன்.
மேக்ரோவை எடுத்தேன்,
மீனுக்கு மீன் கையால் இணைப்புப் போட்டேன்.
சொற்களை எல்லாம் படமாக்கினேன்:
இனி யாரும் கொம்பைப் பிரிக்க முடியாது,
பிழையிருந்தால் நானும் திருத்த முடியாது.
பழைய வடிவில் சேமிக்கப் போனபோது
அது கேட்டது:
சில அம்சங்கள் இழக்கப்படலாம். தொடரவா?
எவை என்று சொல்லவில்லை.
தூக்கம் வந்தது. ஆம் என்றேன்.

வியாழக்கிழமை எல்லாம் ஓடியது.
தொட்ட மீன் மட்டும் துள்ளியது.
டிங், சரியான இடத்தில், சரியான அளவில்.
பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பார்த்தார்கள்.
நான் சொன்னபோது கைதட்டினார்கள்.

மணி அடித்து எல்லோரும் போனபின்
ஹர்வேந்திரன் மட்டும் நின்றான்.
அந்த வாரத்து வாக்கியத்தை
அவன் இன்னும் செலவழித்திருக்கவில்லை.

“டீச்சர், இது எப்ப கெட்டுப்போகும்?”