குறி சுடுதல்

துப்பாக்கிச் சூட்டு அணிக்கு
ஒரு பொறுப்பாசிரியர் தேவை என்றது வலயக் கல்வி அலுவலகம்.
விளையாட்டு சேர் கால் முறிந்து கிடந்தார்.
அதிபர் நேரசூசியைப் புரட்டி என்னிடம் வந்தார்.
"கணிதம்தானே, கோணம் தெரியும் உங்களுக்கு."

சீனக்குடா. சனிக்கிழமை ஏழேகால்.
மகனுடைய ட்ராக் காற்சட்டை எனக்கு நீளம்,
விளிம்பை இரண்டு மடிப்பு மடித்திருந்தேன்.
படிவத்தில் ஒரு வரி:
ஆயுதங்களுடன் முன் அனுபவம் உண்டு / இல்லை.
பொருத்தமற்றதை வெட்டுக.
பேனையோடு கொஞ்சநேரம் நின்று
'உண்டு'வை வெட்டினேன்.
கிண்ணியா ரிஸ்வியா டீச்சர் எட்டிப் பார்த்து
அவவும் அதையே வெட்டினா.

பயிற்றுநர் இசுருவுக்கு இருபத்துநாலு வயது.
உள்ளங்கையில் நீலப்பேனையால்
தமிழ்ச் சொற்கள் எழுதிவந்திருந்தான்:
மூச்சு. தோள். மெதுவா.
வியர்த்து, மூச்சு அழியத் தொடங்கியிருந்தது.

"குப்புறப் படுங்க."
மற்றவர்கள் பாயைத் தட்டி, முழங்காலூன்றி,
ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்து...
நான் படுத்தாயிற்று.
வாய் திறந்திருந்தது. கை இரண்டும் காதில்.

"டீச்சருக்குப் பழக்கம்! எங்க படிச்சீங்க?"

கட்டைபறிச்சானில், ஆறாம் வகுப்பில்,
சமூகக்கல்விப் பாடம் நடக்கும்போது
என்று சொல்லவில்லை.
பள்ளிக்கூடத்தில் என்றேன்.
"ஹரி, ஹரி. காதுக்கு இது இருக்கு"
என்று காதடைப்பான் தந்தான்.
வாயையும் மூடச் சொன்னான்.

மூச்சை இழு. பாதி விடு. மிச்சத்தை வைத்திரு.
விசையை வெடுக்கென்று இழுக்காதே, மெல்ல நசுக்கு.
"எப்ப வெடிக்கும் எண்டு
உங்களுக்கே தெரியக்கூடாது, டீச்சர்."

எப்ப வெடிக்கும் என்று தெரியாமல் இருப்பதில்
எனக்கு இருபது வருடப் பயிற்சி.

வெடித்தது.
இந்தச் சத்தத்தின் முகத்தை மட்டுமே தெரிந்தவள்
இன்றைக்குத்தான் அதன் முதுகைப் பார்த்தேன்.
இவ்வளவுதானா.
தோளில் ஒரு தட்டு,
ரேசன் வரிசையில் பின்னால் நிற்பவர்
நகரச் சொல்லித் தட்டுவதுபோல.

மூன்றாவது சுற்றில் சிவப்புக் கொடி.
இலக்குகளுக்கு முன்னால் ஒரு பசு,
பின்னால் ஈரம் காயாத கன்று.
துப்பாக்கிகளை இறக்கிவைத்துவிட்டுக் கிடந்தோம்.
பசுவுக்கு அவசரமில்லை.
அதன் பின்தொடையில் யாரோ குறி சுட்டிருந்தார்கள்,
வளைந்த ஒரு எழுத்து, மயிர் முளைக்காத தழும்பு.
குறிபார்த்துச் சுட வந்தவர்கள் பதினொரு பேர்
குறி சுட்ட மாடு புல் மேய்ந்து முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தோம்.
கன்று நாலாம் இலக்கத் தாளை நக்கிப் பார்த்தது.
நாலாம் இலக்கம் என்னுடையது.

பிறகு புதுத் தாள். ஐந்து துளை,
ஐந்தும் இடப்பக்கக் கீழ்மூலையில்,
ஒரு ஐந்து ரூபாய்க் காசால் மூடலாம்.
நடுவில் ஒன்றுமில்லை.
தோற்றேன் என்று நினைத்தேன்.
இசுரு துள்ளினான்:
"ஒரே இடம்! பிழை உங்கட இல்ல, குறிமுள்ளின்ர.
நடுவைப் பிறகு பாப்பம்."
ரிஸ்வியாவுடையவை திசைக்கொன்றாய்ப் போயிருந்தன.
ஒன்று என் தாளின் ஓரத்தில்.
"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றா, உண்மையாகவே பயந்து.

வெற்றுக் கோதுகளை எண்ணி ஒப்படைத்தோம்.
ஆளுக்கு முப்பது. கையொப்பம்.
என் வாளியிலும் முப்பதென்று எழுதிக்கொண்டான்,
எண்ணினானோ தெரியாது.

இரவு காற்சட்டையைத் தோய்க்கப் போட்டபோது
மடிப்பிலிருந்து சிமெந்தில் விழுந்து உருண்டது ஒன்று.

ஒரு காலத்தில் இது போதும்.
இது ஒன்று போதும், வீட்டில் இருக்கிறவர்களின்
பெயரெல்லாம் ஒரு கொப்பியில் ஏறுவதற்கு.

ஒன்பதரைக்கு இசுருவுக்குப் போன் எடுத்தேன்.
சிரித்தான்.
"ஒண்டுதானே டீச்சர், எறியுங்க."

எறியலாம்.
குப்பை வண்டி செவ்வாய்தான் வரும்.
கிணறு அயலுக்கும் பொது.
உள்ளங்கையில் அது
விழுந்த பால்பல்லைப்போலக் கிடக்கிறது.
பல்லென்றால் கூரையில் எறிந்துவிட்டு
அணிலிடம் புதுசு கேட்கலாம்.

எங்கள் கூரை தகரம்.
சத்தம் கேட்கும்.