முகம் எண்பது கஜம்

தேர்தல் முடிந்த மூன்றாம் வாரம்
கிசுமுவில் பாலிதீன் பை நின்றுபோனது.
கையில் பிடித்தால் அபராதம்,
கடையில் கொடுத்தால் சிறை என்று
வானொலி இருவேளையும் மிரட்டியது.
பெனினாவின் சுக்குமாக் கீரை
வாங்கியவர்களின் கக்கத்தில் ஏறிப் போனது.
ஒமேனா மீனைத் தொப்பியில் வாங்கிக்கொண்டு
வெறுந்தலையாய் ஒருவர் மத்தாத்து ஏறியதை
நானே பார்த்தேன்.

அப்போது என் கடையில்
திரு. ஒடாடாவின் முகம்
எண்பது கஜம் கிடந்தது.

எங்கள் வார்டுக்கு நின்றவர்.
நீலப் பருத்தி, முழத்துக்கொரு முகம்,
முகத்துக்கடியில் "தண்ணீர் வரும்."
தொண்டர்களுக்குச் சட்டை தைக்கச் சொன்னார்.
நூற்றுப்பத்து தைத்தேன்.
தோற்றார்.
அதன்பின் அவர் தொலைபேசி
அடித்தது, அடித்தது,
பிறகு அடிக்கவும் இல்லை.

எரித்துத் தொலை என்றார் சைப்ரியன்,
என் வீட்டுக்காரர்.
தோற்றது ஆள்தானே,
துணி எந்தத் தேர்தலில் நின்றது?

முதல் பை தலையணை உறை மாதிரி இருந்தது.
இரண்டாவதில் உருளைக்கிழங்கு போட்டார்கள்,
கிபூயே சந்தை வாசலிலேயே வார் பிய்ந்து
சாக்கடை வரை உருண்டது கிழங்கு.
அன்றிரவு வார் நுனியில் ஒரு கட்டம் தைத்தேன்,
கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.
அப்புறம் வார் அறுந்ததென்று வந்தவள் ஒருத்திதான்.
ஆட்டுக்குட்டியை வைத்துத் தூக்கியிருக்கிறாள்.

அடிமூலை இரண்டையும் முக்கோணமாய் மடித்துத் தைத்தால்
பை தானே உட்காரும், கவிழாது.
அந்த மடிப்பில் ஒடாடாவின் தாடை போய்விடும்.
தாடை இல்லாமல்
ஐந்து வயது குறைந்து தெரிந்தார்.

ஐம்பது ஷில்லிங் ஒரு பை.
தக்காளி போட்டால் கன்னம் உப்பினார்,
மக்காச்சோள மாவுக்குக் கம்பீரமானார்,
வெறும் உப்பு வாங்கிய நாளில்
நெற்றி சுருங்கித் தொங்கினார்.
பிரச்சாரத்தில் எட்டிப் பார்க்காத சந்துக்கெல்லாம்
சைக்கிள் கைப்பிடியில் ஆடியபடி போனார்.
ஈர மீன் வாங்கியவர்கள் பையிலிருந்து
வழியெல்லாம் சொட்டியது.
தண்ணீர் வந்துவிட்டது என்று
பெனினா கத்த
சந்தையே சிரித்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை
கறுப்புக் கண்ணாடியோடு அவரே வந்தார்.
மீதி எத்தனை என்றார்.
ஒன்பது என்றேன்.
எல்லாவற்றையும் கொடு, என்ன விலை?
முகத்துக்கு விலை இல்லை ஐயா,
சட்டைக் கூலிதான் ஆறாயிரம் நிற்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தார்.
ஏற்கெனவே வெளியே போனவற்றை என்ன செய்வது
என்று யோசித்திருப்பார் போல.
உள்பக்கம் வெளியே வருமாறு தைக்க முடியாதா என்றார்.
முடியும். பத்து ஷில்லிங் கூடும்,
தையல் விளிம்பை மூடித் தைக்க வேண்டும்.

தைத்துக்கொண்டிருக்கும்போதே பெனினா வந்தாள்,
கீரைத் தண்ணீரில் சாயம் போன தன் பையோடு.
அவரை ஒருமுறை, பையை ஒருமுறை பார்த்தாள்.
"உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
தபால் ஆபீஸா?"
இல்லை என்றார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை;
தாடை இடித்திருக்கும்.

புரட்டித் தைத்ததை நீட்டினேன்.
வெளியே வெளிறிய நீலம், எழுத்தில்லை, ஆளில்லை.
வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
இருட்டாக இருக்கிறது என்றார்.
துணிப்பை அப்படித்தான் ஐயா.

மூவாயிரம் எண்ணி வைத்தார்.
மீதி எட்டையும் புரட்டச் சொல்லவில்லை,
எடுக்கவும் இல்லை.
பெனினாவிடம் இரண்டு கட்டுக் கீரை வாங்கி
தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டு
ஏரிப்பக்கம் நடந்தார்.

பாக்கி இன்னும் மூவாயிரம்.
நீல நூல் தீர்ந்துவிட்டது,
கறுப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஜெயித்தவரின் துணி வந்திருக்கிறதாம்
மொத்தக் கடையில், மஞ்சள்.
கை வைத்துப் பார்த்தேன்.
மெலிசு. கிழங்கு தாங்காது.