கொழுப்பு அடங்கிய வீடு

மோல்மேனில் மழைக்கு இது மூன்றாம் மாதம்.
ஆற்றங்கரைச் சாலை ஆய்வுக்கூடத்தில்
காகிதத்தை நீட்டிய பெண் சிரித்தாள்:
"ச்சாதெ."
விழுந்துவிட்டதாம்.
இருநூற்று எழுபத்தொன்று
நூற்றுப் பதினெட்டாக.
பரீட்சை தேறிய பையனின் தாய்போல
நானும் சிரித்துவைத்தேன்.
அவர் குடையை விரிக்க மறந்து
நனைந்துகொண்டே போய்
சைக்காரில் உட்கார்ந்தார்.

கல்யாணமான மறுநாளிலிருந்து
இந்த மனுஷனுக்கு நான் சொல்லிவந்தது
ஒரே சொல். கொழுப்பு.
சைக்கிள் சாமான் கடையில்
கடன் கேட்டு வந்தவரிடம்
"போன கடன் சௌக்கியமா?" என்பார்.
என் அப்பா செத்த வீட்டில்
மேளக்காரனிடம் குனிந்து,
"மெல்ல அடிப்பா, எழுந்துட்டார்னா
திரும்பவும் சீதனக் கணக்கு பேசணும்."
அழுதுகொண்டிருந்த நான்
முந்தானைக்குள் சிரித்துத் தொலைத்தேன்.
குடிவரவு ஆபீசில் பெயர் கேட்டவனுக்கு
"எது? அப்பா வெச்ச வைரக்கண்ணா,
வாத்தியார் வெச்ச சோ தெய்னா?
ரெண்டு பேருக்கும் ஒரே நெஞ்சுவலிதான் சார்."

வலி விளையாட்டில்லை என்றார் டாக்டர்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
சமையலுக்கு ஒரு பட்டியல்.

எண்ணெய் மேலே திரும்பி வந்தால்தான்
கறி வெந்ததென்று அர்த்தம் இந்த ஊரில்.
ஸீப்யன் என்பார்கள்.
திரும்பி வந்ததைக் கரண்டி கரண்டியாக மொண்டு
வெளியே கொட்டினேன்.
முட்டை மஞ்சள் பூனைக்கு.
தேங்காய்ப்பால் நூடுல்ஸ் விற்பவள்
எங்கள் வாசலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனாள்.
பூனை பளபளத்தது.

எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை.
தட்டில் சோற்றை
மேல்விலாசம் தப்பி வந்த கடிதம்போலப் பார்த்தார்.
கடன்காரர் வந்தால்
கேட்டதைக் கொடுத்தனுப்பினார்.
கரண்ட் போன இரவுகளில்
பக்கத்துவீட்டு ஜெனரேட்டர் ஓயும்வரை
விழித்துக் கிடந்தார், ஓய்ந்த பிறகும்.
ஒருநாள் சொன்னார்:
"நான் இல்லாட்டியும் செயின் விக்கும்."
சிரிக்கக் காத்திருந்தேன்.
அவ்வளவுதான் வாக்கியம்.

தனியாகப் போனேன் டாக்டரிடம்.
நோய்க்கு பர்மியச் சொல் எனக்கில்லை.
"முன்னைப்போல என்னைக் கேலி பண்றதில்லை" என்றேன்.
டோ நுவே யீ முதலில் சிரித்தார்.
பிறகு பேனாவை மூடினார்.
தூக்கம்? பசி? சாவைப் பற்றிப் பேசினாரா?
செயின் வாக்கியத்தைச் சொன்னேன்.
"சேய்தா ச்சாதெ."
மனசு விழுந்துவிட்டது.
அதே ச்சாதெ.
ஆய்வுக்கூடப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னது.

இது விழுந்ததால் அது விழுந்ததா?
"சிலர் ஆமாம் என்கிறார்கள்,
பலர் இல்லை என்கிறார்கள்.
மனசு விழுந்தவன் சாப்பிடுவதில்லை,
சாப்பிடாதவன் ரத்தமும் இளைக்கும்.
எது முந்தி என்று
இந்த ஒரு காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.
மூளையிலும் கொழுப்பு உண்டு அம்மா,
என் ஊசி அங்கே போகாது.
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
வியாழக்கிழமை அவரைக் கூட்டி வாருங்கள்.
அதுவரை தனியே விடாதீர்கள்."

இன்று செவ்வாய்.
எண்ணெயை மொண்டு கொட்டவில்லை,
ஊற்றவும் துணியவில்லை.
அடுப்பில் இறால் கொதிக்கிறது.
நிலைப்படியில் உட்கார்ந்து
ஆறு மேலேறுவதைப் பார்க்கிறார்.
காலடியில் பூனை.

வாய்க்கு வந்தபடி ஒரு வசவு எறிந்தேன்,
முப்பது வருஷத்து வசவு:
"நகர்ந்து உட்கார்றதுக்கென்ன,
கொழுப்பெடுத்த மனுஷா!"

நெடுநேரம் மழை.
பிறகு, திரும்பாமல்:
"எங்கே இருக்கு அது.
காகிதத்தைப் பாரு."

கேலியா, தகவலா.
கையில் கரண்டியோடு
அந்த முதுகைப் பார்த்து நிற்கிறேன்.
கறி அடிப்பிடிக்கும் வாசனை வருகிறது.
பூனைதான் முதலில் எழுந்தது.