இழுங்க, பிடிங்க

ராயக்கோட்டை ரோட்டில் ஸ்கேன் சென்டர்.
ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்கிறேன்:
மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க.
ம்... விடுங்க.
பர்கூர் பக்கம் கல் அறுக்கிறவர்கள்
சட்டையைக் கழற்றும்போதே தரையில் வெள்ளையாகக் கொட்டும்.
பெருக்கிவிடலாம் அதை.
படத்தில் தெரிவது உதறி உதிராதது.

வீட்டுக்கு வந்தால்
நானும் தூசிதான் கிளப்புகிறேன்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஸ்கூட்டி நின்ற ஷெட்.
ஒரு மேஜை ரம்பம், ஒரு கை சாண்டர்,
காய்ப்பு நின்று வெட்டிய மாமரத்தின் பலகை ஆறு.
(மரத்தைவிட டெம்போ வாடகை அதிகம்.)

மாந்தூள் லேசில் அடங்காது.
சாண்டரை நிறுத்திக் கால் மணி கழித்தும்
எங்கே போகலாமென்று காற்றில் நின்று யோசிக்கும்.
பிறகு சுவரேறிப் போய்
நசீமாவின் துப்பட்டாவில் உட்காரும்.
அவள் உதறுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.
இரண்டாவது உதறல் எனக்கானது.

ஆகவே, ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் திம்மராயன்
முதலில் காட்டியது இரண்டு பை மெஷின்.
கீழே பிளாஸ்டிக், மேலே துணி.
'ரெண்டு குதிரை சக்தி மேடம்,
சுருள் சுருளா முழுங்கிரும்.'
ஓடவிட்டார்.
மேல் பை பூரி மாதிரி உப்பியது.
செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
வெளிச்சத்துக்குள் மெல்லிய புகை.
இழுக்கிறது; பிடிக்கவில்லை.
எங்கள் சென்டராக இருந்தால்
'இன்னொரு தடவை' என்றிருப்பேன்.

அடுத்தது கூம்பும் டிரம்மும்.
காற்று உள்ளே சுழன்று
கனத்தது கீழே விழ,
மிச்சம் மடிப்பு மடிப்பான ஃபில்டருக்குப் போகும்.
அழகு.
சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், நகைக்கடையில் நிற்பவள் மாதிரி.
த்ரீ ஃபேஸ் கேட்குமாம்.
எங்கள் தெருவில் ஏழு மணிக்கு மேல்
போர் மோட்டார் போட்டாலே டியூப்லைட் கண்ணடிக்கும்.
விலையை அவர் கால்குலேட்டரில் அடித்துக் காட்டினார்,
வாயால் சொல்லத் தயங்கி.

மூன்றாவது, மூலையில் குட்டையாக,
சக்கரம் வைத்து, யாரும் ஆசைப்படாத நிறத்தில்.
வேக்குவம்தான். உள்ளே மட்டும்
நுண்தூசிக்கென்று தடித்த ஃபில்டர்.
'இது சுருள் அள்ள லாயக்கில்ல மேடம்,
ரெண்டு நிமிசத்துல நெறஞ்சிரும்.'
சுருளை விளக்குமாறு பார்த்துக்கொள்ளும்,
அது நெஞ்சுக்குள் போகிற அளவு சின்னதில்லை என்றேன்.
டார்ச்சைப் பிடித்தேன். காற்று வெறும் காற்றாக வந்தது.
திம்மராயன் இருமினார், வறட்டு இருமல்.
கடைக்குள் எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை.
பில்லின் பின்பக்கம் சென்டர் நேரத்தை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் குழாய் சேரவில்லை.
சாண்டர் வாய் முப்பத்திரண்டு மில்லி, குழாய் முப்பத்தைந்து.
பழைய சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றினேன்.
நடுவில் ஒரு பெயிண்ட் வாளி, மூடியில் இரண்டு ஓட்டை:
பெருந்தூள் அதில் விழட்டும்.
'மிக்ஸிய விட சத்தம்,' என்றான் யாழினியன்
அல்ஜீப்ராவிலிருந்து தலையெடுக்காமல்.
ஒன்பது மணிக்கு மேல் கிடையாது என்று ஒப்பந்தம்.

நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தேன்.
டார்ச்.
இன்னும் ஏழெட்டு மிதந்தன,
எண்ணக்கூடிய அளவில்.
காண்பதே இத்தனை என்றால்
காணாதது எத்தனை.
முகமூடியைக் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
நசீமா கொடியில் வெள்ளைப் போர்வை போட்டாள்.
நம்பிக்கையா சோதனையா தெரியவில்லை.
க்ளிப் குத்திவிட்டு அங்கேயே நின்றாள்,
காபி டம்ளரோடு.

சாண்டரைக் கையில் எடுத்தேன்.
மூச்சை நன்றாக இழுத்தேன்.
பிடித்தேன்.