சென்னியப்பன் பூமிக்குத் தெற்கு

என் கிரயப் பத்திரத்தில் வீடு இருக்குமிடம்
இப்படித்தான் எழுதியிருக்கிறது:
சென்னியப்பன் பூமிக்குத் தெற்கு,
இட்டேரிக்குக் கிழக்கு,
இருபத்துமூன்றடி ரோட்டுக்கு வடக்கு,
ஒன்பதாம் நெம்பர் சைட்டுக்கு மேற்கு.

போன தை மாதம் சென்னியப்பன் பூமியில்
மஞ்சள் கல் நட்டார்கள்.
கல்லுக்கொரு கொடி. பந்தல். ஜிலேபி.
அட்வான்ஸ் போட்டால் ஒரு கிராம் தங்கம்.
இருநூற்றுப் பதினாலு சைட்டு.
"பத்தொம்பதே நிமிசத்துல ஏர்போர்ட்டுங்க" என்றது மைக்.
பல்லடம் ரோட்டைத் தாண்டவே
எனக்குப் பத்தொன்பது நிமிசம் ஆகும்.

மனுவை நான்தான் எழுதினேன்.
பனியன் கம்பெனியில் பில் போடுகிற கை,
வரி கோணாது என்று என் தலையில் கட்டினார்கள்.

ஐயா,
எங்களுக்கே பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
ஐயா,
அந்தப் பூமிக்குள் கருக்கம்பள்ளம் போகிறது.
வரைபடத்தில் அதற்குப் பச்சையடித்து
பூங்கா என்று போட்டிருக்கிறார்கள்.
ஐப்பசி மழைக்கு அந்தப் பூங்கா
மூன்றாவது வீதிக்குள் வந்தது.
தனபாக்கியம் வீட்டு பிரிட்ஜ்
நிலவாசல்வரை மிதந்துபோய் நின்றது.

"பிரிட்ஜை எழுதாத கண்ணு, சிரிப்பாங்க."
அடித்துவிட்டு
'வீட்டு உபயோகப் பொருட்கள்' என்று மாற்றினேன்.

முதல் கையெழுத்து மருதாசலம்.
லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர்,
சொந்தப் பேனாவோடு வந்தார்.
டிரான்ஸ்பார்மர் தாங்காது என்ற வரி அவர் சொன்னது.
நாற்பத்தேழாம் நெம்பர் சைட்டுக்கு
அவரே அட்வான்ஸ் போட்டிருந்தது
அப்புறம்தான் தெரிந்தது.
"புள்ளைக்குங்க. கெழக்குப் பார்த்த சைட்டு."
கையெழுத்தை அடிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

லைன்வீட்டுச் சுதாம், ஒடிசாக்காரன்,
"நானும் போடட்டா அக்கா?" என்றான்.
ரேசன் கார்டு இருக்குதா என்றார் யாரோ.
குடத்தோடு வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கிறவன் அவன்.

சென்னியப்பனிடமும் போனோம்.
கட்டுத்தாரியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து
மூன்று பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ஆயிரத்து எரநூறு அடி, ரெண்டு போரு போட்டனுங்க.
புகைதான் வந்துச்சு.
அன்னைக்கு இதுமாதிரி ஒண்ணு
எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா ஆகுமுங்க."
தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.
மோர் குடிக்கிறீங்களா என்று கேட்டார்.
குடித்தோம். உப்புச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ்.
அறுபத்துமூன்று கையெழுத்து,
வந்திருந்தது ஒன்பது பேர்.
டோக்கன் நூற்று முப்பத்தாறு.
மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா
மனுவைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"உங்க நகர் அப்ரூவ்டு தானுங்களே?"

எட்டுப் பேர் மின்விசிறியைப் பார்த்தோம்.
"வரன்முறைக்குப் போட்டிருக்குதுங்க"
என்றார் மருதாசலம்.
ஏழு வருசமாகப் போட்டிருக்கிறது.

ரசீது கொடுத்தார்கள்.
அதில் என் பெயர் சம்பூரணம் என்று இருந்தது.
நான் சம்பூர்ணம்.

இன்றைக்குப் பதினோராம் நாள்.
ராத்திரி ரெண்டேகாலுக்குத் திறந்துவிட்டார்கள்,
வீதி பூராவும் மோட்டார்ச் சத்தம்.
டேங்க் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மொட்டைமாடியில் நிற்கிறேன்.
அந்தப் பக்கம் கொடியெல்லாம் நைந்துவிட்டது.
நாற்பத்தேழாம் நெம்பர் கல்லோரம்
நாயொன்று குழி பறித்துப் படுத்திருக்கிறது.

நாளைக்கு அங்கே கிரயம் செய்கிறவர்
பத்திரத்தில் எல்லை எழுதும்போது
என்னைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.
சம்பூர்ணம் வீட்டுக்கு வடக்கு.
புள்ளி விட்டுப்போகாமல் எழுதச் சொல்லவேண்டும்
என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்,
டேங்க் நிரம்பிக்
காலை நனைக்கிறது.